சிக்கன அறிவிப்பு

டம்ளர் தண்ணீர் ததும்பி இன்ஜின் மேல் கொட்டியது. ஓடுகிற இன்ஜினின் மூடிமேல் நிறைதண்ணீர் டம்ளரை வைத்துப் பார்ப்பது மெக்கானிக் செலஸ்டினின் வழக்கம். மீட்டர் பொய் சொன்னாலும் தண்ணீர் சொல்லாது என்பார். ஆக்சிலரேட்டரைத் தொடாமலே முள் எழுநூறுக்கும் ஆயிரத்துக்கும் நடுவே ஊஞ்சலாடியது. இன்ஜின் எகிறியது, இறங்கியது, செத்துப்போகிறேன் என்று இருமியது, மறுபடி எகிறியது. காரின் பின்னால் கறுப்புப் புகை. சக்கரத்துக்குப் பக்கத்தில் டிரைவர் மயில்சாமி, தூசி துடைக்கும் துணியை இரண்டு கையாலும் பிடித்தபடி, ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்பவனைப் போல நின்றான்.

நோயைப் பார்க்கும் முன்பே சர்ட்டிபிகேட் கேட்டு போன் வந்துவிட்டது. எமரால்டு ஊருக்குக் கீழே தேயிலை ஃபேக்டரி வைத்திருக்கும் தரணிதரன் காலையிலேயே பேசினார். "செலஸ்டின், டீசல்ல மண்ணெண்ணெய் கலந்துருக்குது. டிரைவர் டீசல எடுத்து வித்துப்போட்டு இத ஊத்தி வெச்சிருக்கான். உங்க லெட்டர்பேடுல அப்பிடின்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க. மத்தத நான் பாத்துக்கறேன்." மத்தது என்ன என்று செலஸ்டினுக்குத் தெரியாதா? பச்சை இலை விலை விழுந்து ஆறாவது வருஷம். ஃபேக்டரியில் ஆளைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். பதினாலு வருஷம் ஓட்டியவனைச் சும்மா அனுப்ப முடியாது, யூனியன் வரும். திருடன் என்று அனுப்பினால் யாரும் வரமாட்டார்கள். வேலை போகும், ஃபேக்டரி கொடுத்த வீடு போகும், அப்புறம் இந்த மலையில் எவன் அவன் கையில் சாவி கொடுப்பான்? ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி.

"மண்ணெண்ணெய் ஊத்துனியா?" என்று நேராகவே கேட்டார்.

"எம் புள்ள மேல சத்தியமா இல்லீங்கண்ணா."

சத்தியத்தை வைத்து வண்டி பார்க்க முடியாது. செலஸ்டின் டேங்கிலிருந்து ஒரு பாட்டில் டீசல் பிடித்தார். வெளிச்சத்தில் பார்த்தார், மோந்தார், விரலில் தேய்த்தார். வழவழப்பு இருந்தது; மண்ணெண்ணெயின் வறட்சி இல்லை. டீசல் குழாயில் காற்று புகுந்தாலும் இன்ஜின் இப்படித்தான் குதிக்கும் என்று, நடுவில் கண்ணாடிக் குழாய் மாட்டிப் பார்த்தார். ஒரு குமிழி வரவில்லை. இன்ஜெக்டர் நட்டுகளை ஒவ்வொன்றாக இளக்கினார். நாலு சிலிண்டரும் ஒழுங்காக வேலை செய்தன. மத்தியானம் சாப்பிடாமல், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்புகிற டர்போவின் குழாயைக் கழற்றினார். உள்ளே விரல் விட்டால் விரல் முழுக்க ஆயில். டர்போவின் தண்டு, ஆடக்கூடாத தண்டு, ஆடியது. அதன் வழியே கசிந்த ஆயில், புகையில் ஒரு பங்கைத் திரும்ப இன்ஜினுக்குள் அனுப்புகிற வால்வு வரை போய்க் கரியோடு சேர்ந்து தார் மாதிரி இறுகியிருந்தது. வால்வு மூடவே இல்லை. மூச்சு விடவேண்டிய இடத்தில் புகையைக் குடித்தால் எந்த இன்ஜின் நிதானமாக நிற்கும்? பால்பவுடர் டப்பாவின் தகரத்தை வெட்டி அந்த வழியை அடைத்துவிட்டு ஸ்டார்ட் செய்தார். முள் எண்ணூறில் போய் உட்கார்ந்தது. டம்ளர் தண்ணீர் லேசாகச் சிலிர்த்தது, சிந்தவில்லை. அதே டேங்க், அதே டீசல்.

சரி, ஆறு வருஷம்கூட ஆகாத டர்போ ஏன் ஆடுகிறது? ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்து யோசித்தபோதுதான், காலையிலிருந்து கண்ணெதிரே இருந்ததைப் படித்தார். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டிய தாள். 'டீசல் சிக்கன அறிவிப்பு. ஒன்று: வண்டி நின்றவுடன் இன்ஜினை அணைக்கவும். இரண்டு: இறக்கத்தில் இன்ஜினை அணைத்து நியூட்ரலில் செல்லவும். மீறினால் நடவடிக்கை எடுக்கப்படும்.' கீழே பச்சை மையில் தரணிதரனின் கையெழுத்து.

"ஏத்தம் ஏறி வந்ததும் அப்பிடியே ஆஃப் பண்ணிருவியா?"

"ஆமாங்கண்ணா. டர்போ வண்டி, ஒரு நிமிசம் சும்மா ஓடட்டுமுங்கன்னு ஒருக்கா சொன்னேனுங்க. 'உங்கப்பன் ஊட்டு டீசலா'ன்னு கேட்டாருங்க." மயில்சாமி துணியை முறுக்கினான். "எறக்கத்துல ஆஃப் பண்ணுனா பிரேக்கு கல்லாட்டம் ஆயிருதுங்க. வளைவுக்கு வளைவு காலு நடுங்குமுங்க. அப்பவும் சொன்னபடிதான் ஓட்டுனேன்."

செலஸ்டினுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மலையேறிய டர்போ அடுப்புக் கங்காகத் தகிக்கும். அந்த நேரத்தில் இன்ஜினை நிறுத்தினால் ஆயில் ஓட்டமும் நிற்கும், நின்ற ஆயில் உள்ளேயே கருகும். ஒரு நிமிஷ டீசலை மிச்சம் பிடிக்கப்போய் டர்போவைக் கொன்றவன் ஒருவன், கொலைப்பழி இன்னொருவனுக்கா? காய்ந்த இலையைத் தராசில் வைத்துக்கொண்டே 'தண்ணி நிறைய இருக்குது' என்று விவசாயியிடம் எடை கழிக்கிற ஆள் தரணிதரன். காய்ந்த இலையில் தண்ணீரைப் பார்த்த கண்ணுக்கு நல்ல டீசலில் மண்ணெண்ணெய் தெரியாதா என்ன!

சாயங்காலம் இலை வேனில் வந்து இறங்கினார் தரணிதரன். ஓடுகிற இன்ஜினையும் டம்ளரையும் பார்த்தார். ஆயில் ஊறிய குழாயையும் கரி அடைத்த வால்வையும் செலஸ்டின் காட்டக் காட்ட, பார்க்காமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இது தற்காலிக அடைப்புங்க சார். டர்போவக் கழட்டி வேல பாக்கோணும். டீசல்ல ஒரு குத்தமுமில்ல. ஆஃப் பண்ணுன மொறைதான் குத்தம்."

"இப்ப வண்டி ஒழுங்கா ஓடுதில்ல? அப்பறம் என்னங்க? நான் கேட்டத எழுதிக் குடுங்க."

செலஸ்டின் லெட்டர்பேடைத் தேடி எடுத்தார். ஃபேக்டரியின் இரண்டு லாரியும் இந்தக் காரும்தான் இப்போது பட்டறைக்கு நிலையாக வருகிறவை. தோட்டம் வைத்திருந்தவர்கள் ஜீப்பை விற்றுவிட்டு பஸ்ஸில் போகிறார்கள். 'எழுதித் தொலை' என்று உள்ளே ஒரு குரல் சொல்லாமலில்லை. அந்தக் குரல்மேலும் அவருக்குக் கோபம் வந்தது.

கார்பன் தாளை வைத்து எழுதினார். டீசலில் கலப்படம் இல்லை. டர்போ தேய்ந்ததற்குக் காரணம் சூட்டோடு இன்ஜினை அணைத்தது. அதன்பின் அறிவிப்பின் இரண்டு வரியையும், எழுத்துப் பிசகாமல், கையெழுத்திட்டவர் பெயரோடு எழுதினார். அழுத்தி எழுதியதில் பேனா இரண்டு இடத்தில் தாளைக் கிழித்தது.

தரணிதரன் படித்தார். காது சிவந்தது. "உங்ககிட்ட கேட்டது இதில்லைங்களே."

"நீங்க கேட்டத எழுதோணும்னா, நீங்களே எழுதிக்கலாமுங்க சார். நான் எதுக்கு? கண்ணால பாத்ததத்தான் நான் எழுதுவேன்."

தரணிதரன் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மயில்சாமியிடம் கையை நீட்டினார். "சாவி."

"நானே ஓட்டிட்டு வாறனுங்க."

"நீ பஸ்ல வா. நாளைக்கு ஆபீசுக்கு வந்து என்னயப் பாரு."

வண்டி சாலையேறித் திரும்பிப் போனது. பார்த்து என்ன சொல்வார்? போகச் சொல்வாரா, இருக்கச் சொல்வாரா? செலஸ்டின் புத்தகத்திலிருந்து கார்பன் பிரதியைக் கிழித்து மயில்சாமி கையில் கொடுத்தார். "பத்திரம். யூனியன்ல காட்டு." அவன் அதை அந்தத் தூசித் துணிக்குள் வைத்துச் சுற்றினான்.

பட்டறை வாசலில் நின்றால் கீழே இறங்கும் சாலை முழுக்கத் தெரியும். பறிப்பாரில்லாமல் விட்ட தேயிலை ஆள் உயரத்துக்கு மேல் மரமாக வளர்ந்து நிற்க, அதற்கு மேலே காரின் வெள்ளைக் கூரை மட்டும் போனது. முதல் வளைவு வரை இன்ஜின் சத்தம் கேட்டது. நிதானமான, ஒரே சீரான சத்தம். அதைக் கேட்கச் செலஸ்டினுக்கு அவ்வளவு கோபத்திலும் சுகமாகத்தான் இருந்தது.

இறக்கம் ஆரம்பிக்கிற இடத்தில் சத்தம் நின்றது.

"ஆஃப் பண்ணிட்டாருங்க," என்றான் மயில்சாமி. அவன் வலது கால், அங்கே இல்லாத பிரேக்கை, மண்ணில் அழுத்திக்கொண்டிருந்தது. வெள்ளைக் கூரை ஓசையில்லாமல் வழுக்கிக்கொண்டு இரண்டாவது வளைவை நோக்கிப் போனது.