வெர்னர் பாடுவார் என்று நான் எழுதியது

1
இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையது. வேறு தொடக்கமும் எழுதிப் பார்த்தேன்: "டென்மார்க்கின் வேலையற்றோர் இன்று ஒரு மாபெரும்—" வேண்டாம். ஒன்பதாம் வகுப்போடு நின்றவளுக்கு மாபெரும் எல்லாம் எதற்கு?

2
சட்டம் மாறியது. முன்பு உடம்பு முடியாதவர்களுக்கு உதவித்தொகை கொடுத்து வீட்டில் விட்டுவைத்தார்கள். இப்போது வாரம் இரண்டு வேலை விண்ணப்பம் போடாவிட்டால் தொகை நிற்கும். [அத்தனை வேலை ஊரில் இருக்கிறதா என்று சட்டம் விசாரிக்கவில்லை.]

அதற்கென நகராட்சி நடத்தும் வகுப்பில் என் பக்கத்து நாற்காலி வெர்னருடையது. ஐம்பத்தொன்பது வயது, கப்பல் கட்டும் தளத்தில் முதுகைப் பறிகொடுத்துவிட்டு வந்த வெல்டர். முதல் நாள், குணத்தை வைத்து நாங்கள் எந்தப் பறவை என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். நான் ஆந்தை.

"நான் கோழி," என்றார் வெர்னர். "உயிரோட இருக்கறது இல்ல. கடை ஃப்ரீஸர்ல தள்ளுபடியில கெடக்குமே, அது."

3
அவருக்கு எழுத வராது. எனக்குப் பேச வராது. [வாக்கியம் அழகாக இருப்பதால் எனக்கே சந்தேகம். ஆனாலும் உண்மை.] யாருக்கும் காட்டாமல் நோட்டில் எழுதுகிறவள், அவருக்காக ஒரு விண்ணப்பம் எழுதினேன். மழலையர் பள்ளி உதவியாளர் வேலை. எப்படியும் நிராகரிப்பார்கள் என்ற தைரியத்தில் கை தாராளமாகிவிட்டது: வெர்னர் குழந்தைகளுக்குப் பாடுவார். ரொட்டி ஓரங்களை வைத்துப் படகு செய்வார்.

நேர்காணலுக்கு அழைப்பு வந்துவிட்டது. வியாழன் காலை பத்து மணி. 'உங்கள் பாட்டைக் கேட்க ஆவலாக இருக்கிறோம்.'

4
"ஏம்மா ஸிக்னே, பொறந்தநாள் பாட்டுக்கே நான் வாயத்தான் அசைப்பேன்!"

"மன்னிச்சிருங்க வெர்னர். வேணாம்னு சொல்லிருவாங்கன்னு நெனச்சேன்."

"போகலன்னா பணத்த நிறுத்துவாங்க. போனா குட்டு ஒடையும்." நான் எழுதிய விண்ணப்பத்தை மறுபடி படித்தார். "ஆனா இந்த ஆளு நல்லவனா இருக்கான். எனக்கே இவனுக்கு வேலை குடுக்கணும்போல இருக்கு."

பிறகு மெல்ல ஏதோ பாடிப் பார்த்தார். துருப்பிடித்த கிரேன் திரும்புகிற சத்தம்.

"எப்டி?"

"பிள்ளைங்க பயந்துரும்."

"சிரிக்காதா?"

அவருக்கு அந்த வேலை வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது.

5
முடிவு அ: குழந்தைகள் கைதட்டுகிறார்கள். [சர்க்கரை அதிகம்.]
முடிவு ஆ: தொகை நிற்கிறது, வெர்னர் தன் வீட்டை—

மேலே எழுதக் கை வரவில்லை. இன்று புதன். வெர்னர் எதிரே உட்கார்ந்து, "நாளைக்கு என்ன ஆவுது, எழுதிட்டியா?" என்கிறார். எழுத மாட்டேன் என்றேன். அவரைப் பற்றி நான் ஒருமுறை எழுதி அவர் படுகிற அவதி போதும்.

பேனா உங்களிடம். நல்ல முடிவு தோன்றினால் இப்போதே எழுதுங்கள். மோசமானது என்றால், தயவுசெய்து, நாளை பத்து மணி தாண்டட்டும்.