தாத்தா பேரு என்ன பேரு

அன்று காலை வீட்டில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாதவர்களெல்லாம் இருந்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். கூடத்துப் பிரம்பு நாற்காலியில் சாந்திகுமார் நயினார் இருந்தார். எதிரில் வந்தவாசி தரணேந்திரன்; அங்குள்ள ஜைனக் கோயில் கமிட்டித் தலைவர், மகள் கல்யாணத்துக்குப் பட்டெடுக்க வந்தவர். அவருக்குப் புடவைகளைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள் நயினாரின் தங்கை சக்ரேஸ்வரி. பின்கட்டுத் தறியில் கூலிக்கு நெய்கிற துரை. குளியலறையில் மருமகள் ஸ்ருதியும் நாலு வயதுப் பேத்தி வர்ஷாவும். மகன் அரிஹந்த் விடியும் முன்பே கம்பெனி பஸ்ஸில் செய்யாருக்குப் போய்விட்டான். வேறு ஒருவரும் இல்லை.

தரணேந்திரன் மாம்பழ நிறப் புடவையின் முந்தானையை வெளிச்சத்தில் பிடித்து ஜரிகையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் நின்றது. பாட்டு ஆரம்பித்தது. ஸ்ருதி கேட்க, குழந்தை பதில் பாடியது.

"ஊரு என்ன ஊரு?"

"ஆரணி ஊரு!"

"தெரு என்ன தெரு?"

"கோயில் தெரு!"

"தாத்தா பேரு என்ன பேரு?"

"சாந்திகுமாரு, சாந்திகுமாரு!"

அதோடு நிற்கவில்லை. குழந்தையின் குரலோடு மருமகளின் குரலும் சேர்ந்துகொண்டு அந்தப் பெயரை இன்னும் ஒரு சுற்று பாடியது. பிறகு போன் நம்பர், அதே மெட்டில்.

அந்த வீட்டில் மாமனார் பெயரையோ புருஷன் பெயரையோ மருமகள்கள் வாயால் சொன்னதில்லை. நயினாரின் மனைவி உயிரோடு இருந்தவரை, பேங்கில் புருஷன் பெயரைக் கேட்டால் பக்கத்தில் நிற்பவரைப் பார்ப்பாள், அவர் சொல்வார். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் படுத்திருந்தபோதுகூட நர்சு கேட்டதற்குக் கையால் காற்றில் எழுதிக் காட்டினாள். அப்படிக் காத்து வைத்திருந்த பெயர் இப்போது சோப்பு நுரையோடு கூடத்துக்கு வந்துகொண்டிருந்தது.

தரணேந்திரன் முந்தானையைக் கீழே வைத்தார். "நயினாரே, உங்க பேரு தாளத்துக்கு நல்லாத்தான் ஒக்காருது," என்று சிரித்தார்.

சக்ரேஸ்வரி சிரிப்பை அடக்க வேறொரு புடவையை எடுத்து உதறினாள். நயினாருக்குக் காது இரண்டும் சுட்டன. விருந்தாளி இரண்டு புடவைகளை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, கடைத்தெருவில் வேலை இருக்கிறது என்று புறப்படும்வரை அவர் முதுகை நாற்காலியில் சாய்க்கவில்லை. அதன் பிறகுதான் மருமகளைக் கூப்பிட்டார்.

"என்னம்மா அது?"

ஸ்ருதி குழந்தையின் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து நின்றாள். "எங்கனா தொலஞ்சி போனா சொல்லத் தெரியணும் இல்லீங்களா மாமா. வெறுமனே கேட்டா முழிக்கிறா. பாட்டா சொன்னா புடிச்சிக்கிறா."

"இந்த வீட்டுக் குழந்தை எதுக்குத் தொலையணும்?"

அவள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"தெருத் தெருவா பாடறதுக்கா எங்கப்பா எனக்குப் பேரு வச்சாரு? நாளைக்குக் கறிகாய் விக்கறவன்கூட வண்டி மைக்குல போட்டுகினு போவான்."

பிறகு நயினார் குனிந்து, குழந்தையின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுவந்தார். அவர் யாருக்காகவும் குனிகிற ஆள் இல்லை. அதனால்தானோ என்னவோ, குழந்தை மிகவும் கவனமாகக் கேட்டுக்கொண்டது. "வீட்டுக்குள்ள என்ன வேணாலும் பாடிக்கோ. வாசப்படி தாண்டினா வாயத் தொறக்கக் கூடாது. யாரு கேட்டாலும் தாத்தா பேரு சொல்லக் கூடாது. சரியா?"

வர்ஷா தன் ஆள்காட்டி விரலை உதட்டின் மேல் வைத்துக்கொண்டாள்.

"சமத்து," என்றார் நயினார்.

பாட்டே பிடிக்காதவர் அவர் என்று நினைத்துவிடக் கூடாது. ஸ்ருதி வந்த பிறகுதான் அந்த வீட்டில் சத்தம் என்று ஒன்று வந்தது. மனைவி போன பின் தறிச் சத்தத்தையும் பாத்திரச் சத்தத்தையும் தவிர அங்கே எதுவும் கேட்டதில்லை. இவள் பல் விளக்க ஒரு பாட்டு வைத்திருந்தாள், சட்டை போட ஒன்று, அ ஆவுக்கு ஒன்று. ஊடையாக ஓடும் குறுக்கு நூலுக்குச் சுற்றிய பட்டு நூல்கண்டுகளைக் குழந்தை முன் பரப்பி, அரக்கு, மயில் கழுத்து, எலுமிச்சை என்று நிறங்களை மெட்டுப் போட்டுச் சொல்லிக்கொடுத்தாள். துரை அந்த மெட்டுக்குத் தறியின் மிதியை மிதிக்க ஆரம்பித்திருந்தான். அரிசி புடைக்கும்போது சக்ரேஸ்வரிகூட முனகினாள். ஷிப்டு முடிந்து செத்தவன் மாதிரி வருகிற அரிஹந்த், செருப்பைக் கழற்றும் முன்பே குழந்தையின் கேள்விக்குப் பதில் பாடினான். நயினார் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். கேட்கிறார் என்று யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டார். ஆனால் பெயர் வேறு விஷயம்.

அன்று சாயங்காலம் குழந்தைக்கு ஷூ வாங்க அவரே கூட்டிக்கொண்டு போனார். ஜூனில் எல்.கே.ஜி. சேர்க்க வேண்டும். வாசலில் செருப்பை மாட்டும்போது வர்ஷா விரலை உதட்டில் வைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவருக்குத் திருப்தியாக இருந்தது. "பொழுது சாயறதுக்குள்ள வந்துடுங்கண்ணா, சாப்பாடு ஆயிடும்," என்று சக்ரேஸ்வரி உள்ளிருந்து குரல் கொடுத்தாள். சூரியன் இறங்கிய பிறகு அந்த வீட்டில் இலை போடுவதில்லை.

ஷூ வாங்கியாயிற்று. பழைய செருப்பைப் பெட்டியில் போட்டு, புதியதைக் குழந்தை காலிலேயே மாட்டிக்கொண்டது. பஸ் ஸ்டாண்டு வழியாகத் திரும்பும்போது வந்தவாசி பஸ் பக்கத்தில் தரணேந்திரன் பையோடு நின்றிருந்தார். காலையில் சிரித்த மனுஷர். பார்க்காததுபோல் போனால் அதையும் ஒரு கதையாக வந்தவாசியில் சொல்வார். நயினார் நேராக அவர் எதிரில் போய் நின்றார். ஷூப் பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டார். குழந்தையின் கையை விட்டார். இரண்டு கைகளையும் மார்புக்கு நேராகக் குவித்து, "ஜெய் ஜினேந்திரா," என்றார். ஒற்றைக் கையால் வணக்கம் சொல்லும் வழக்கம் அவரிடம் இல்லை.

தரணேந்திரனும் கைகுவித்தார். புடவைக்கு முந்தானைக் குஞ்சம் கட்டுவதைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார். பஸ் நகர ஆரம்பித்ததும் ஓடி ஏறிக்கொண்டார். பஸ் புறப்பட்டுப் போனது. நயினார் கையைக் கீழே நீட்டினார், பிடித்துக்கொள்வதற்கு.

கை காற்றில் நின்றது.

முதலில் அவர் தன் வேட்டிக்குப் பின்னால் பார்த்தார். பிறகு பழக்கடைப் பக்கம், பிறகு ஷூக் கடை வரைக்கும். ஓடவில்லை. ஓடினால் நடந்தது நிஜமாகிவிடும் என்பதுபோல வேகமாக நடந்தார். "வர்ஷா," என்று சாதாரணமாகக் கூப்பிட்டார். பிறகு உரக்க. செய்யார் கம்பெனி பஸ் ஒன்று ஆட்களை இறக்கிவிட்டது. அந்தக் கூட்டம் அவரைச் சுற்றிக்கொண்டு போனது. நாலு வயது உயரத்துக்கு எங்கும் கால்கள்தான் தெரிந்தன. வர்ஷா போட்டிருந்ததுபோல் சிவப்புக் கவுன் போட்ட எந்தக் குழந்தையைப் பார்த்தாலும் கிட்டே போய் முகத்தைப் பார்த்தார். ஒரு குழந்தையின் தோளைத் தொட்டே விட்டார். அதன் தாய் வெடுக்கென்று குழந்தையை இழுத்துக்கொண்டு அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவரை அப்படி ஒரு பார்வை வாழ்நாளில் யாரும் பார்த்ததில்லை.

அப்போதுதான் அது அவருக்கு உறைத்தது. குழந்தையை யாராவது பிடித்து நிறுத்தி, "உன் பேரு இன்னா, யாரு வூட்டுப் புள்ள," என்று கேட்டிருப்பார்கள். இந்த ஊரில் அவர் பெயரைச் சொன்னால் யாரும் கொண்டுவந்து விட்டிருப்பார்கள். அது சொல்லாது. விரலை உதட்டில் வைத்துக்கொண்டு நிற்கும். ஏனென்றால் அது சமத்து.

டீக்கடைப் பெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாங்க பெரியவரே, மயக்கமா?" என்றான் டீக்கடை பாலமுருகன்.

"குழந்தையக் காணோம். பேத்தி. செல்போன வீட்டுல வச்சிட்டேன்."

"அட, நம்பரச் சொல்லுங்க. ஜல்தி. நான் போட்டுத் தரேன்."

நயினார் வாயைத் திறந்தார். நம்பர் வரவில்லை. மகன் நம்பர், மருமகள் நம்பர், எதுவும் அவருக்கு மனப்பாடம் கிடையாது. போனில் பெயரைத் தொட்டுப் பேசிப் பழகியவர். கண்ணை மூடினார். இருட்டுக்குள் எங்கோ குளியலறைத் தண்ணீர் சத்தம் கேட்டது. நம்பர் அங்கே இருந்தது, பாட்டின் கடைசியில். ஆனால் கடைசியை மட்டும் பிய்த்தெடுக்க முடியவில்லை. நூலின் நடுவில் பிடித்து இழுத்தால் சிக்கிக்கொள்வதுபோல் இரண்டு எண்ணோடு நின்றது. முதலிலிருந்துதான் வர வேண்டும்.

அவர் உதட்டுக்குள்ளேயே ஆரம்பித்தார். "ஊரு என்ன ஊரு... ஆரணி ஊரு..."

"இன்னா?" என்றான் பாலமுருகன்.

"இரு!" என்றார் நயினார். அவர் சொன்னதில் இருந்த பயம் அவனை அடக்கிவிட்டது. பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவன், "பொழுது சாயறதுக்குள்ளயே பெருசு ஏத்திகினு வந்துடுச்சிடா," என்றான். மது வாசம் அறியாத வம்சம் அது. நயினார் அதைக் கேட்டார். கேட்டுக்கொண்டே பாடினார். தெருவைப் பாடினார், பெயரைப் பாடினார், நம்பர் ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. பாலமுருகன் அமுக்கி, போனை அவர் காதில் வைத்தான்.

நடந்ததைச் சொன்னதும் மறுமுனையில் ஸ்ருதி கத்தவில்லை. கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "பேரு சொல்லிக் கூப்பிட்டீங்களா மாமா?"

"தொண்டை கிழியக் கூப்பிட்டேன்."

"வாயத் தொறக்கக் கூடாதுன்னு நீங்க சொல்லியிருக்கீங்களே." அவள் குரல் உடைந்தது. "நீங்க பாடுங்க. நீங்களே பாடினா பதில் பாடுவா. நான் ஓடியாந்துகினே இருக்கேன். பாடுங்க மாமா!"

மேற்கே ரைஸ்மில் புகைபோக்கிக்குப் பின்னால் சூரியன் பாதி இறங்கியிருந்தது. பஸ் ஸ்டாண்டின் நடுவில், அவரைத் தெரிந்த ஜவுளிக்காரர்களும் தரகர்களும் போய்வருகிற இடத்தில், சாந்திகுமார் நயினார் நிமிர்ந்து நின்றார். குரல் வறண்டு, மெட்டு கோணலாக, உரக்க வந்தது.

"ஊரு என்ன ஊரு?"

ஹாரன் சத்தம். "வந்தாசி, வந்தாசி, ஏறுங்க," என்று அடுத்த பஸ்ஸின் கண்டக்டர்.

"தெரு என்ன தெரு?"

யாரோ சிரித்தார்கள். யாரோ செல்போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் பின்னுக்கு வந்து திரும்பியது.

"தாத்தா பேரு..." அவருக்கு அழுகை வந்துவிட்டது. "தாத்தா பேரு என்ன பேரு?"

"சாந்திகுமாரு, சாந்திகுமாரு!"

நகர்ந்துகொண்டிருந்த பஸ்ஸின் ஜன்னலிலிருந்து, ஊருக்கே கேட்கும்படி.

நயினார் பஸ்ஸின் முன்னால் போய்க் கைகளை விரித்து நின்றார். டிரைவர் பிரேக் போட்டு, திட்ட வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்து அடங்கிப்போனார். உள்ளே நடு சீட்டில் சின்னம்மா என்ற ஒரு கூலிவேலைப் பெண்பிள்ளை, நாற்று நட்டுவிட்டு ஊர் திரும்புகிறவள், குழந்தையை மடியில் வைத்திருந்தாள். ஸ்ருதியின் தாய்வீடு வந்தவாசிப் பக்கம்; அங்கே போகிற பஸ் என்று குழந்தை தானாகவே ஏறியிருக்கிறது.

"இன்னா சாமி நீ! இம்மா நேரம் கேட்டுகினே கீறேன், பேரு இன்னா, யாரு வூடுன்னு. வெரல வாயில வச்சிகினு மொறைக்குது. ஊமைப் புள்ளன்னு நெனச்சிட்டேன். வந்தாசில எறங்கி ஸ்டேசன்ல வுட்டுடலாம்னு இருந்தேன்." அவள் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளினாள். "இப்ப பாரு, இன்னா கொரலு!"

நயினார் அவளுக்கு இரண்டு கைகளையும் குவிக்கப் போனார். குழந்தையைப் பிடித்திருந்த கை வரவில்லை. தலையை மட்டும் தாழ்த்தினார்.

தெருமுனை வரை குழந்தை ஒன்றும் பேசவில்லை. பிறகு அவர் விரலை இழுத்தது. "நீ கூப்ட்டது கேட்டுச்சி தாத்தா. நீ பாடினதால நானும் பாடிட்டேன். தப்பா?"

எதிரே ஸ்ருதி செருப்பில்லாமல் ஓடி வந்துகொண்டிருந்தாள்.

அன்றிரவு குழந்தைக்கு மட்டும் பால் கொடுத்தார்கள். பெரியவர்களுக்குப் பொழுது தாண்டிவிட்டது. ஸ்ருதி மாமனாரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று அவருக்கு இருந்தது. மறுநாள் காலை பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் வந்தது. பின்கட்டில் துரையின் மிதி தாளமில்லாமல் விழுந்தது.

வெளியே கூட்டிக்கொண்டு போகும்போதெல்லாம் அவர் பிடிக்கிற பிடியில், "வலிக்குது தாத்தா," என்று அவருக்கு மட்டும் கேட்கும்படி முனகுகிறாள் வர்ஷா. "பாடும்மா, எங்க வேணாலும் பாடு, தாத்தா ஒண்ணும் சொல்ல மாட்டேன்," என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டார். அவர் தன்னைச் சோதிக்கிறாரோ என்பதுபோல அது முகத்தைப் பார்க்கிறது. வாசல்படியில் புது ஷூவை மாட்டியதும் விரல் தானாக உதட்டுக்குப் போய்விடுகிறது. அடுத்த வாரம் பள்ளிக்கூடம் திறக்கிறது. அங்கே யாராவது ஏதாவது கேட்பார்கள். இரவில் அவருக்குத் தூக்கம் பிடிப்பதில்லை.

புடவைக்குக் குஞ்சம் கட்டியாயிற்றா என்று கேட்கத் தரணேந்திரன் போன் செய்தார். குஞ்சத்தைப் பற்றிப் பேசி முடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கேள்விப்பட்டேன் நயினாரே. பஸ் ஸ்டாண்டுல அன்னிக்கு நான் இருந்தேனேன்னு எல்லாரும் என்னையே கேக்கறாங்க. குழந்தைக்குப் பேச்சு வராதாமே? மருமக எந்நேரமும் பாட்டாவே பாடி அதைக் கெடுத்துட்டாங்கன்னு பேசிகினு இருக்காங்க."

வாசலில் ஸ்ருதி குழந்தைக்கு ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். விரல் மெல்ல உதட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"பேச்சு வரும்," என்றார் நயினார். "வாயத் தொறக்காதன்னு சொன்னது நான். சாந்திகுமார்."