வரிசையின் கடைசியில் நின்ற மூவர்

என் அண்ணி எதையும் சட்டென்று நம்பமாட்டார். நல்ல செய்தி என்றால் இன்னும் மோசம், அதைத் திருப்பிப் போட்டுப் பார்க்காமல் விடமாட்டார்.

தீக்காய வார்டில் நர்ஸ் அவர். அங்கே புண்ணோடு காய்ந்து ஒட்டிய கட்டுத்துணியை அப்படியே பிரித்தெடுப்பதுதான் வழக்கம். பத்து நிமிடம் சலைன் உப்புநீரில் ஊறவைத்துப் பிரித்தால் வலி குறையும் என்பது அண்ணியின் கட்சி. பெரிய டாக்டர் கறாரானவர். "திங்கட்கிழமைக்குள்ள எண்ணுல காட்டுங்க சிஸ்டர். இல்லாட்டி பழையபடிதான்" என்றுவிட்டார்.

ஞாயிறு காலை, அண்ணி சாப்பாட்டு மேசையில் ஒரு தாளை வைத்தார். காய்ந்தபடி பிரித்தது பதினைந்து பேருக்கு, ஊறவைத்துப் பிரித்தது பதினான்கு பேருக்கு. ஒவ்வொருவரும் பத்துக்கு எவ்வளவு வலி என்று சொன்ன எண் அதில் இருந்தது. புள்ளியியல் மென்பொருளை வைத்துப் பிழைப்பவன், வீட்டில் நான் ஒருவன்தான்.

"சராசரி எடுத்துடலாமா தம்பி?"

"வலியைக் கூட்டி வகுக்கறதா? ஒருத்தரோட எட்டு, இன்னொருத்தரோட நாலு மாதிரி ரெண்டு மடங்கா அண்ணி?"

பெரிய மேதாவியாட்டம் மான்-விட்னி சோதனையை விளக்கினேன். இரு குழுவையும் கலந்து, வலி குறைந்தவர் முன்னால், கூடியவர் பின்னால் என ஒரே வரிசையில் நிறுத்த வேண்டும். பின்பகுதியில் எந்தக் குழு அதிகம் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

தாளில் இருந்ததை யோசிக்காமல் அப்படியே கணினியில் ஏற்றிப் பொத்தானை அழுத்தினேன். 0.03 வந்தது; இரு முறைக்கும் வித்தியாசமே இல்லாவிட்டாலும் தற்செயலாக இப்படி வர நூற்றுக்கு மூன்றே வாய்ப்பு. 0.05க்குக் கீழே இறங்கினால் ஏற்றுக்கொள்வதாகப் பெரிய டாக்டரே சொல்லியிருந்தார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"ஜெயிச்சுட்டீங்க அண்ணி!"

"வரிசையில கடைசியா நிக்கிறது யாரு?"

"யாரா இருந்தா என்ன?"

"காட்டுங்க."

காட்டினேன். பழைய முறைக் குழுவிலிருந்து மூன்று பேர். வலி என்ற இடத்தில் 99.

"இது ஆறாம் கட்டில் பெரியவர். தொண்டையில குழாய். மத்த ரெண்டு பேரும் அப்படித்தான். இவங்க வாயே திறக்கலையே!"

பதில் கிடைக்காவிட்டால் 99 என்று எழுதுவது அந்த வார்டின் வழக்கம். மென்பொருளுக்கு அது தெரியுமா? உலகத்திலேயே பெரிய வலி என்று எடுத்துக்கொண்டுவிட்டது. சராசரி எடுத்திருந்தால் எண் ஊதிப்போய் அப்போதே மாட்டியிருக்கும். வரிசையில் பத்தும் ஒன்றுதான், 99ம் ஒன்றுதான். கடைசி இடம், சத்தமே இல்லை. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

மூவரையும் நீக்கி மறுபடி அழுத்தினேன். 0.08.

"முதல்ல வந்த 0.03ஐயே காட்டிடுங்க அண்ணி, யாருக்குத் தெரியப்போகுது? நல்லதுக்குத்தானே?" ஆமாம், நான்தான் சொன்னேன்.

"அவங்க சொல்லாததை நான் எப்படி தம்பி சொல்றது?"

மறுநாள் டாக்டரிடம் 0.08ஐயே கொடுத்து, 99 கதையையும் மறைக்காமல் சொன்னாராம். அவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு மாசம் எடுத்துக்கோங்க. ஒவ்வொரு முறைக்கும் முப்பது பேரைப் பாருங்க" என்றாராம்.

மாலையில் அண்ணி வரும்போது கையில் ஒரு அட்டை. சிரிப்பிலிருந்து அழுகை வரை ஆறு முகங்கள், கோணல்மாணலாக. அண்ணிக்கு வரைய வராது.

"பேச முடியாதவங்க விரலால காட்டலாம்ல? ஆறாம் கட்டில் பெரியவர்கிட்ட கேட்டேன், அன்னைக்குக் கட்டுப் பிரிச்சப்ப எப்படி இருந்துச்சுன்னு."

"எதைக் காட்டினார்?"

"கடைசி முகத்தை. வச்ச விரலை எடுக்கவே இல்ல தம்பி."

துள்ளிக் குதித்தேன். "அப்ப மென்பொருள் சொன்னது சரிதானே! சேர்த்துடுவோம்!"

"நாள் கழிச்சுக் கேட்டது கணக்குல வராது" என்று சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "புதுத் தாள் போட்டுக் கொடுங்க. நாளைக்கே ஆரம்பிக்கணும்."

இப்படி ஒரு மனுஷி எங்கள் வீட்டுக்கு வாழ வந்ததற்கு நாங்கள் என்ன புண்ணியம் செய்தோமோ. கணினியைத் திறந்து, வலி என்ற கட்டத்துக்குள் கோணல்மாணல் முகங்கள் ஆறையும் வைத்தேன். 99க்கு இடமே விடவில்லை.