உதடு அசையாமல்

தம்பி வீட்டுக் கூடத்தில் எல்லோரும் ஆளுக்கொரு புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும், யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்றுதான் அண்ணன் ரேடியோவுக்குத் தோன்றியது. செருப்பைக்கூடச் சத்தம் வராமல் கழற்றினார்.

"வீட்ல வாசிப்புப் பழக்கத்த வளக்குறோம்ணே," என்றான் தம்பி, குரலைத் தணித்து. "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனா போனெல்லாம் அந்தக் கூடையில. ஒரு மணி நேரம் யாரும் வாயத் தொறக்கக் கூடாது."

கூடைக்குள் போகாத போன் ஒன்று அவன் கையில் இருந்தது. அதில் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போக வந்த ரேடியோவின் கையிலும், கூட வந்த மகள் கையிலும் ஆளுக்கொரு புத்தகம் திணிக்கப்பட்டது. அவருக்கு ரேடியோ என்று பெயர் வைத்தது சரக்குக் கிடங்கு. மூட்டை தூக்குகிற அத்தனை பேருக்கும் அங்கே ஒரே செய்தித்தாள். அதை எடுக்கிறவன் சத்தமாகப் படித்தாக வேண்டும். மனசுக்குள் படிக்கிறவன், எல்லோருக்கும் வைத்த சட்டியிலிருந்து தான் மட்டும் அள்ளித் தின்கிறவன். அவனைச் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் சேர்க்க மாட்டார்கள். தலை நரைக்கத் தொடங்கிய பிறகு அவர் எழுத்துக் கூட்டக் கற்றதே அந்தச் சத்தத்தில்தான். படிக்கிறவன் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, காதில் விழுந்ததைக் கண்ணால் துரத்தித் துரத்திப் பிடித்தார். ஆகவே உதடு அசையாமல் ஒருவன் படிக்கிறான் என்றால், அவரைப் பொறுத்தவரை அவன் ஒன்று திருடன், இல்லாவிட்டால் நடிகன்.

இது நடிப்பேதான். தம்பி மகன் கால் கட்டைவிரலால் தரைவிரிப்பின் நூலைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். தம்பி பொண்டாட்டியின் பார்வை புத்தகத்தின் மேல்விளிம்பில் ஏறிச் சுவர்க் கடிகாரத்தில் போய் உட்கார்ந்து உட்கார்ந்து திரும்பியது. தம்பி போனை வைத்துவிட்டுத் தன் புத்தகத்தைத் திறந்தான். அது புதுச் செருப்பு மாதிரி கிறீச்சிட்டது. கண்ணாடி அலமாரியில் மிச்சப் புத்தகங்கள் உயரம் பார்த்து நிறுத்தப்பட்டிருந்தன. துடைத்துத் துடைத்தே தேய்ந்துபோகும், படித்து இல்லை என்று நினைத்துக்கொண்டார். சரி, நாமாவது படிப்போம் என்று விரலை வரியில் வைத்து, கிடங்குக் குரலில் ஆரம்பித்தார்.

"ஆற்றின்... அக்கரையில்... ஓடக்காரன்..."

எல்லாத் தலையும் நிமிர்ந்தது.

"மனசுக்குள்ளணே," என்றான் தம்பி சிரித்துக்கொண்டே.

"மனசுக்குள்ள படிச்சா, அது உன் மனசுக்கு மட்டும்தானேடா கேக்கும்?"

தம்பி மகன் களுக்கென்று சிரித்தான். அதுகூடப் பரவாயில்லை. மகள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, விடுப்பா. எல்லாரும் பாக்குறாங்க."

வீடு திரும்புகிற வழி முழுக்க அவர் அந்தக் குடும்பத்தைப் பிய்த்துத் தோரணம் கட்டினார். "உங்க சித்தி எந்தக் கதை படிச்சா தெரியுமா? சின்ன முள்ளு, பெரிய முள்ளு கதை. உங்க சித்தப்பன் புஸ்தகத்துக்கு எண்ணெய்தான் போடணும்." மற்ற நாளாயிருந்தால் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாள். இன்று அந்த ஓடக்காரன் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தாள். சித்தப்பாவிடம் கேட்டு வாங்கி வந்திருந்தாள்.

அவர்கள் வீட்டில் படிப்பது வேறு மாதிரி. மகள் ஒரு பக்கத்தைச் சத்தமாகப் படித்தால், அடுத்த பக்கம் அவர். துணி மடித்துக்கொண்டே கேட்கிற மனைவி, "அந்தப் பாவி இன்னும் சாகலையா?" என்று இடையில் புகுந்து வில்லனைத் திட்டுவாள். மூட்டை இறக்கிய முதுகுக்கு அந்த ஒரு வேளைதான் தைலம்.

அன்றும் அவர் சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டார். "ம், ஆரம்பி. ஓடக்காரன் என்ன ஆனான்?"

"இருப்பா. படிச்சிக்கிட்டிருக்கேன்."

"எங்க படிக்கிற? உதடே அசையல."

"மனசுக்குள்ள படிச்சாத்தான் வேகமாப் போகுது. நீ படிக்கும்போது காத்துக்கிட்டே இருக்கணும்."

மடித்த துணியோடு மனைவி நிமிர்ந்து பார்த்தாள். 

ஒரே நாளில் கெடுத்துவிட்டான் படுபாவி, நடிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டான் என்று அவருக்குப் பொங்கியது. கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று மகளையே கவனித்தார். கடிகாரத்தைப் பார்ப்பாள், நகத்தைக் கடிப்பாள் என்று காத்திருந்தார். அவள் பார்க்கவில்லை, கடிக்கவில்லை. பக்கம் புரண்டது. புருவம் நெரிந்தது. இன்னொரு பக்கம் புரண்டது. திடீரென்று, யாரும் எதுவும் சொல்லாமலேயே, அவள் சிரித்தாள்.

"என்னடி?" என்றாள் மனைவி ஆசையாக.

"ஒண்ணுமில்லம்மா."

அதற்குள் அவள் மறுபடி கதைக்குள்ளே போயிருந்தாள்.

புத்தகத்தின் பின்னட்டை அவரைப் பார்த்து நின்றது. அதில் ஏதோ நாலைந்து வரி அச்சாகியிருந்தது. அவர் முன்னால் நகர்ந்து, முதல் எழுத்தைப் பிடித்தார். உதடு அசைந்தது, குரலை மட்டும் தொண்டையிலேயே அழுத்திக்கொண்டார். இரண்டாவது சொல்லைத் தாண்டுவதற்குள் அவள் பக்கத்தைப் புரட்டினாள். அட்டை ஆடியது, வரி தொலைந்தது. அதைத் தேடப் போன விரல், அட்டையைத் தொடாமல் கொஞ்சம் தள்ளியே நின்றது.