சுவரின் தப்பான பக்கம்

இரவு தங்கிய ரங்தூமிலிருந்து விடிந்ததும் கிளம்பிவிட்டோம். பின்சீட்டில் யாங்டோல். அவள் அம்மா எங்கள் ஊரில் மூன்று நாளாக ஆகாரம் இறங்காமல் கிடந்தாள். வாய் திறந்தால் மகள் பேர்தான், சீக்கிரம் கூட்டிவா என்று முந்தின நாள் கார்கிலுக்குப் போன் வந்தது. அங்கே கணக்கு டீச்சராக இருக்கும் யாங்டோல், போட்டிருந்த உடையோடு என் மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டாள். பதினோரு வருஷமாக இந்தப் பாதையில் ஆள் ஏற்றுகிறேன். முதுகுக்குப் பின்னால் இவ்வளவு சத்தமில்லாமல் யாரும் அழுததில்லை.

பென்சி கணவாயில் ஜூலையிலும் கையுறைக்குள் விரல் மரத்துவிடும். வெளியூர்க்காரர்கள் நின்று பனியாற்றைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதில் என்ன அழகைக் கண்டார்களோ! எனக்குப் பனியாறு என்றாலே மணி பார்க்கத்தான் தோன்றும். வெயில் ஏற ஏற அது உருகும். காலையில் முழங்காலளவு ஓடும் எங்கள் ஊர் ஓடை, உச்சிப்பொழுதில் ஆளை உருட்டிவிடும்.

கணவாய்க்குக் கீழே முதல் ஊர் வந்தது. "டீ குடிச்சுட்டுப் போலாமா?" என்றேன்.

"வேணாம்ணே. உள்ள போனா மூணு கப் குடிக்காம விடமாட்டாங்க."

"அப்புறம் பசிக்குதுன்னு என்னைத் திட்டக் கூடாது."

"நீங்க ஓட்டுற ஓட்டுல குடலே வாய்க்கு வந்துடுச்சு. பசி எங்கேருந்து வரும்?"

சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

பதினோரு மணிக்கு எங்கள் ஊர்ப் பிரிவுக்கு வந்துவிட்டோம். அங்கே மந்திரம் செதுக்கிய கற்களை அடுக்கிய மந்திரக்கல் சுவர் ஒன்று நீளமாகக் கிடக்கிறது. அதை எப்போதும் வலமாகத்தான் கடக்கவேண்டும். சுவர் நம் வலக்கைப் பக்கம் இருக்கவேண்டும். ரோடு போட்ட மகராசன்களுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? மறுபக்கம் ரோட்டைப் போட்டு, ஓடைக்குக் குறுக்கே இரும்புப் பாலமும் கட்டிவிட்டார்கள். ஊரிலிருந்து வெளியே வரும்போது சுவர் சரியான கைக்கு வரும். ஊருக்குப் போகும்போதுதான் தப்பு. ஊரே வாய்க்குள் மன்னிப்பு முணுமுணுத்துக்கொண்டு அந்த வழியாகத்தான் போகிறது. நானும்தான். வருஷம் முழுக்க.

அன்றைக்கென்று எனக்குப் பக்தி பொங்கியது. வண்டியைப் பழைய தடத்தில் திருப்பினேன். அந்தத் தடம் சுவரைச் சரியாகக் கடந்து, நேரே ஓடையில் இறங்கும். பாலம் கிடையாது.

யாங்டோல் என் தோளைத் தட்டினாள். "அண்ணே, ரோட்டுலயே போங்க. எல்லாரும் அப்படித்தானே போறாங்க?"

"இன்னைக்கு வேணாம்மா. உங்கம்மா அந்த நெலமையில கெடக்காங்க. தப்புப் பக்கமாப் போயி ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

"தண்ணி ஏறியிருக்கும்ணே."

"உச்சிக்கு இன்னும் நேரம் இருக்கு. கணக்கு உனக்கு மட்டுந்தான் வருமா?"

முந்தின இரவு மேகம் மூடியிருந்தது. குளிரே இல்லை; ராத்திரியிலும் பனி உருகியிருக்கும். அப்படிப்பட்ட இரவுக்கு மறுநாள் தண்ணீர் காலையிலேயே ஏறிவிடும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். சுவரின் பயத்தில் அதை மறந்தேன்.

ஓடை சாம்பல் நிறத்தில் புரண்டுகொண்டிருந்தது. அப்போதாவது திரும்பியிருக்கலாம். வீம்பாக இறக்கினேன். பாதியில் முன்சக்கரம் கல்லில் மோதி வண்டி சாய்ந்தது. இன்ஜின் தண்ணீரைக் குடித்துவிட்டு அடங்கியது. யாங்டோலை ஒரு கையால் பிடித்துக் கரைக்குத் தள்ளினேன். பிறகு இரண்டு பேரும் இடுப்பளவு பனித்தண்ணீரில் நின்று வண்டியை வந்த கரைக்கே இழுத்தோம். பிளக்கைக் கழற்றித் துடைத்தேன். உதைத்தேன். உயிர் வரவில்லை. அக்கரை மேட்டில் எங்கள் ஊர் வீடுகள் தெரிந்தன. கத்திப் பார்த்தோம், ஓடை இரைச்சலில் எங்கள் குரல் எங்களுக்கே கேட்கவில்லை.

திரும்பி நடந்தோம். வண்டியில் பத்து நிமிஷத்தில் போகிற பாலத்துக்கு, நனைந்த கால்களோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

வீட்டு வாசலில் அவள் அண்ணி லாமோ நின்றிருந்தாள். பின்னால் அறையில் நெய்விளக்கு ஏற்றியிருந்தது. கட்டிலில் வெள்ளைத் துணி முகம்வரை மூடியிருந்தது.

"கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா யாங்டோல்?" என்று லாமோ அவளைக் கட்டிக்கொண்டாள். "சுவர்கிட்ட வர்றப்பவே அத்தைக்கு வண்டிச் சத்தம் கேட்டுடுச்சு. எம் பொண்ணு வந்துட்டா, என்னைத் தூக்கி உக்காரவைன்னாங்க. வச்சேன். கதவையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. திடீர்னு சத்தம் நின்னுபோச்சு. ஏன் நின்னுச்சு, ஏன் நின்னுச்சுன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏண்ணே நின்னுச்சு?"

கூடியிருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வாயைத் திறந்தேன்.

"பெட்ரோல் தீந்துபோச்சு அண்ணி" என்றாள் யாங்டோல்.

ஈர ஷூவை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனாள். என் முகத்தை அவள் பார்க்கவே இல்லை.

சாயங்காலம் நாலு பேர் போய் வண்டியை ரோட்டு வழியாக, சுவரின் தப்பான பக்கமாகவே தள்ளிவந்தார்கள். வாசலில் நிறுத்தும்போது ஒருவர் டேங்கைக் குலுக்கிப் பார்த்தார். பாதிக்கு மேல் தளும்பியது. அவர் என்னைப் பார்த்தார். மூடியை இறுக்கிவிட்டுப் போனார்.