சீனிக்கு மொட்டை

எனக்குப் பொறுமை கிடையாது. பதினாறு வருஷமாக ஆஸ்பத்திரியில் நோயாளிகளிடம் காட்டிக் காட்டி அது அங்கேயே தீர்ந்துவிடும். தில்லி கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸுக்கு நான் கொண்டுவருவது வெறும் கால்வலியைத்தான்.

சீனி எங்கள் வெள்ளைப் பொமரேனியன். ஏப்ரல் நடுவில் அதற்கு முடி கொட்டத் தொடங்கியது. சோபாவில் முடி, சப்பாத்தி மாவில் முடி, பைபிளைத் திறந்தால் சங்கீதத்திலும் ஒரு முடி. ஒருநாள் என் வீட்டுக்காரர் சைமன் மீன்குழம்பிலிருந்து ஒன்றை இழுத்து என் கண்முன் பிடித்தார்.

“ஏட்டி, இது என்னது? இந்த மாசம் முடியதுக்குள்ள இது நிக்கணும். இல்லன்னா நொய்டாவுல ஒருத்தன் கேக்கான், குடுத்துருவேன்.”

பத்து வயது ஜெனி சாப்பாட்டை விட்டு எழுந்து ஓடிச் சீனியைக் கட்டிக்கொண்டாள். தில்லியில் பிறந்த பிள்ளை, அழுகைகூட இந்தியில்தான் வரும். “மத் தேனா, அப்பா, ப்ளீஸ்!” குடுக்காதீங்க என்று கெஞ்சினாள்.

நாய் டாக்டரம்மா விவரமாகத்தான் சொன்னார். இது நோயில்லை, வெயில் காலத்தில் உள்முடி உதிரும், தினமும் பத்து நிமிஷம் நீண்ட பல் சீப்பால் வாரினால் வீட்டில் விழுவது சீப்போடு வந்துவிடும், மூன்று நான்கு வாரத்தில் தானாகக் குறையும் என்றார். சீப்பு வாங்கினேன். நாலு நாள் வாரினேன். ஐந்தாம் நாள் டபுள் டியூட்டி, அத்தோடு சரி.

மாதக் கடைசி ஞாயிறு, கோயிலுக்குப் போய்வந்த கையோடு ட்ரிம்மரை எடுத்தேன். ஆபரேஷனுக்கு முன் எத்தனை பேருக்கு மழித்த கை! கோடைக்குப் பிள்ளைகளுக்கு மொட்டை போடுகிறோம், நாய்க்குப் போட்டால் என்ன? டாக்டரம்மாவுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. எனக்குத் தெரியாததா என்ற திமிர்.

அரை மணி நேரத்தில் சீனி ரோஜா நிறத் தோலோடு கூசிக்கொண்டு நின்றது. இனி யாரும் அதைக் கொண்டுபோக முடியாது என்று ஜெனி குதித்தாள்.

“இப்பதான் வீடு வீடா இருக்கு,” என்றார் சைமன். “நாளையிலேருந்து பால்கனியில கட்டு. முடிதான் இல்லயே, அதுக்கு என்ன வெக்கை?”

எனக்கும் சரியென்றே பட்டது. அதுவரை பகல் முழுக்கக் கூலர் முன்னால் படுத்துக் கிடந்த நாயை, திங்கட்கிழமை காலை ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்துப் பால்கனியில் நானே கட்டினேன்.

இரண்டரை மணிக்கு ஜெனி பள்ளியிலிருந்து வந்தபோது கிண்ணம் கவிழ்ந்து, சீனி நாக்குத் தள்ளி அசையாமல் கிடந்ததாம். பக்கத்து வீட்டு மதுமதி அக்காதான் அவளையும் நாயையும் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். நான் ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. சீனியின் முதுகு வெந்து சிவந்திருந்தது. எத்தனையோ உடல்களை மூடிய கைதான், சீனி மேல் போர்த்தத் துணியை இழுத்துவிட வரவில்லை.

“வெளிமுடிதான் இதுக்குக் குடை,” என்றார் டாக்டரம்மா இந்தியில். “எந்த முட்டாள் இதை மழிச்சான்? எந்தக் கடை?”

நான் வாயைத் திறக்குமுன் ஜெனி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“கடையில இல்ல ஆன்ட்டி,” என்றாள். “மம்மியே செஞ்சாங்க. மம்மிக்கு எல்லாம் தெரியும். மம்மி நர்ஸ்.”