இரண்டு டிகிரி

அப்பாத்துரை பாளையங்கோட்டைக்குத் திரும்பி வந்தது 1997 பிப்ரவரியில். அதற்குமுன் இருபத்திரண்டு வருஷம் சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் இன்ஜின்களைப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருந்தவர். மனைவி யூனிஸ் அங்கேயே இறந்து இரண்டு வருஷமாகியிருந்தது. ஒரே மகன் ஆஸ்திரேலியாவில். பூட்டிக் கிடந்த அப்பா வீட்டைத் தவிர இங்கே அவருக்காகக் காத்திருந்தது எதுவுமில்லை. ஆனாலும் வந்தார். காரையும் கொண்டுவந்தார்.

சிவப்பு நிற நிஸான் சில்வியா. இரண்டே கதவு. டர்போ வைத்தது. புகை வெளியேறும் வேகத்தில் ஒரு சின்ன விசிறி சுழன்று, காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் திணிக்கும். சக்தி அங்கிருந்துதான் வரும். சென்னைத் துறைமுகத்தில் மூன்று வாரம் அலைந்து காரை மீட்டு, ஒரே பகலில் தானே ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். கயத்தாறு தாண்டியதும் வண்டி ஏதோ சோர்ந்தாற்போல் இருந்தது. தனக்குத்தான் சோர்வு என்று நினைத்துக்கொண்டார்.

மேலப்பாளையத்தில் பட்டறை வைத்திருந்த அசன் மைதீன்தான் முதலில் சொன்னான்.

"அண்ணாச்சி, வண்டி நாக்கிங் அடிக்கே. உங்களுக்குக் கேக்கலியா?"

"கேக்கு, கேக்கு," என்றார் அப்பாத்துரை. அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை.

சிங்கப்பூர் பெட்ரோலுக்கென்று பிறந்த இன்ஜின் அது. இங்கே பங்கில் ஊற்றும் பெட்ரோல் அதன் அழுத்தத்தைத் தாங்காமல், பற்றவைக்கும் முன்பே தானாக வெடித்து பிஸ்டனில் போய் அறையும்; அந்த அடிதான் நாக்கிங். வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் முடிந்தவரை சமாளிக்கும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. தொடர்ந்து அடித்தால் ஒருநாள் பிஸ்டன் உடையும். தீப்பொறி பற்றும் நேரத்தைச் சற்றுப் பின்தள்ளி, டர்போவின் அழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்தால் சரியாகிவிடும். எவ்வளவு குறைப்பது என்பதைக் காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதிகம் குறைத்தால் வண்டி மாட்டு வண்டி ஆகிவிடும்.

இதெல்லாம் அப்பாத்துரைக்கு அத்துப்படி. காதுதான் இல்லை. காது டாக்டர் ஹெட்போனை மாட்டிவிட்டு ஒவ்வொரு சத்தமாக அனுப்பிப் பார்த்துவிட்டு, கீழ்ச் சத்தமெல்லாம் நன்றாகவே கேட்கிறது, மேல் சத்தம் மொத்தமாகப் போய்விட்டது என்றார். கப்பல் இன்ஜின் அறையில் வேலை பார்ப்பவர்களுக்கு வருவதுதானாம். நாக்கிங் சத்தம் அந்த மேல் சத்தத்தைச் சேர்ந்தது.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு செம்புக் குழாயின் நுனியை அடித்துத் தட்டையாக்கி இன்ஜின் மேல் போல்ட்டு வைத்து முடுக்கினார். மறுமுனையில் ரப்பர் குழாயைச் செருகி, காருக்குள் கொண்டுவந்து, டாக்டர்கள் மாட்டும் ஸ்டெதாஸ்கோப்பின் காதுப் பகுதியை அதில் பொருத்தினார். இடப்பக்க சீட்டில் உட்கார்ந்து அதை மாட்டிக்கொண்டால் இன்ஜினின் வயிற்றுக்குள் நடப்பதெல்லாம் கேட்கும். உட்கார ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

அசன் மைதீனைக் கூட்டிக்கொண்டு போனார். கங்கைகொண்டான் தாண்டிய நேர் ரோட்டில் ஆக்ஸிலேட்டரை அமுக்கியதும் அவன் காதுக்குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு டாஷ்போர்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"எனக்குப் புள்ளகுட்டி இருக்கு அண்ணாச்சி! பட்டறையில நிப்பாட்டி வைங்க, எம்புட்டு நேரம்னாலும் கேட்டுச் சொல்லுதேன்."

நின்ற வண்டியில் அந்தச் சத்தம் வராது. பாரம் ஏறினால்தான் வரும். அப்பாத்துரை வேறு யாரையாவது கூப்பிடலாமா என்று யோசித்துப் பார்த்தார். தெருவில் பேர் தெரிந்தவர்கள் நாலு பேர். அவர்களிடம் இதைக் கேட்க முடியாது.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து காரில் ஏறப்போனபோது பின்னாலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். கோயிலில் ஆர்கன் வாசிக்கும் சாலோமி டீச்சர். பெண்கள் பள்ளியில் பாட்டு வாத்தியார். ஐம்பதுக்குப் பக்கம் வயது, கல்யாணம் செய்துகொள்ளாதவர்.

"அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடாதிய. உங்க வண்டி கத்துது."

"கத்துதா?"

"ஒண்ணர மாசமா கத்துது. நான் ஆர்கன்ல உக்காந்திருக்கும்போதே நீங்க கேட்டுக்குள்ள வாறது தெரிஞ்சிரும். கிரீச்சுன்னு. பெல்ட்டு மாதிரி ஏதோ."

பானட்டைத் திறந்து பார்த்தார். பெல்ட் தொளதொளவென்று கிடந்தது. ஒன்றரை மாதமாக முருகன்குறிச்சியிலும் வண்ணார்பேட்டையிலும் ஜனங்கள் நின்று நின்று திரும்பிப் பார்த்தது அவர் நினைவுக்கு வந்தது. காரின் அழகைப் பார்க்கிறார்கள் என்று நினைத்து, சில பேருக்குக் கையைக்கூட உயர்த்திக் காட்டியிருக்கிறார்.

பெல்ட்டை மாற்றிய மறுவாரம் டீச்சரிடம் போய் நின்றார்.

"ஒரு உதவி டீச்சர். வண்டியில ஒரு சத்தத்த நீங்க கேட்டுச் சொல்லணும்."

"ஏன், உங்களுக்குக் கேக்காதா?"

"நான் ரோட்டப் பாக்கணும்லா."

சாலோமி டீச்சர் அவரையே பார்த்தார். "சனிக்கிழம காலைல வாறேன். ஆறு மணிக்கு. வெயிலுக்கு முன்னாடி திரும்பிரணும்."

"ஊர்ல ஏதாவது..."

"என்னப் பத்திப் பேச வேண்டியதெல்லாம் முப்பது வருஷத்துக்கு முன்னாடியே பேசி முடிச்சிட்டாங்க. நீங்க வண்டியக் கொண்டாங்க."

அப்படித்தான் தொடங்கியது. கங்கைகொண்டானிலிருந்து கயத்தாறு வரை ரோடு கோடு போட்டாற்போல் கிடக்கும். இரண்டு பக்கமும் கரிசல், தூரத்தில் உடைமரங்கள். லாரிகள் குறைந்த இடமாகப் பார்த்து அப்பாத்துரை மூன்றாவது கியரில் போட்டு மெல்ல அமுக்குவார். டீச்சர் காதுக்குழாயை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். தகர டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்கியதுபோல ஒரு சத்தம் வந்தால் விரலால் டாஷ்போர்டைத் தட்ட வேண்டும் என்பது ஏற்பாடு.

முதல் நாள் விரல் நிற்கவே இல்லை.

"புளியங்கொட்ட இல்ல அண்ணாச்சி. சட்டியில பயறு பொரியுத மாதிரில்லா இருக்கு."

ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தி, இன்ஜின் ஆறியதும், தீப்பொறி நேரத்தைச் சொல்லும் சென்சாரின் போல்ட்டுகளைத் தளர்த்தி கால் டிகிரி பின்னால் திருப்பினார். மறுபடியும் ஓட்டம். மறுபடியும் விரல். ஒரு காலையில் நாலைந்து தடவைக்குமேல் முடியாது. இடையில் டீச்சர் பிளாஸ்க்கிலிருந்து காப்பி ஊற்றித் தருவார். ஆடிக் காற்று மண்ணை வாரி அடிக்கும். கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குடிப்பார்கள்.

"முள்ளு மூவாயிரத்துல இருக்கும்போது இந்தச் சத்தம் ஜி. நாலாயிரத்து நானூறு வரும்போது டி," என்றார் டீச்சர் ஒருநாள். "நல்லா உக்காருது. நம்ம ஆர்கன்ல அந்த டி கொஞ்சம் பிசிறும்."

அந்தச் சத்தங்கள் அப்பாத்துரைக்கும் கேட்பவைதான். அடுத்த தடவை ஓட்டும்போது கவனித்துக் கேட்டார். ஜி. அப்புறம் டி. இத்தனை வருஷம் இன்ஜின்களோடு இருந்தும் அவற்றுக்கு ஸ்வரம் உண்டென்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

"அதுக்கு மேல அந்த விசில் ஒண்ணு வருது பாத்தியளா? ஊசி மாதிரி ஏறிக்கிட்டே போகும். அது எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு," என்றார் டீச்சர், மரத்தடியில் நின்ற காருக்குள் காப்பி ஊற்றிக்கொண்டே.

டர்போவின் சத்தம். அந்த விசிலுக்காகத்தான் 1991இல் இந்தக் காரையே வாங்கினார். சில வருஷங்களில் அது பைய மங்கி மறைந்தது. டர்போ தேய்ந்துவிட்டது என்றுதான் இன்றுவரை எண்ணியிருந்தார்.

"இன்னும் வருதா அது?" என்று கேட்டுவிட்டார்.

டீச்சர் திரும்பிப் பார்த்தார். "உங்களுக்குக் கேக்கல, அப்படித்தான?"

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார், டாக்டர் சொன்னதை எல்லாம். யூனிஸின் கடைசி நாள்களில் அவள் படுக்கையிலிருந்து கூப்பிட்டது பலமுறை காதில் விழவே இல்லை என்பதையும் சொன்னார். அதை மகனிடம்கூடச் சொன்னதில்லை. டீச்சர் பிளாஸ்க் மூடியில் இருந்த காப்பியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

ஐந்தாவது சனிக்கிழமை, மூவாயிரம், நாலாயிரம், ஐயாயிரம் என்று முள் ஏறி ஆறாயிரத்தைத் தொட்டது. டீச்சரின் விரல் அசையவில்லை.

"சுத்தமா இருக்கு அண்ணாச்சி. ஒரு பொரியல் சத்தம் இல்ல."

வண்டி பறந்தது. சிங்கப்பூரில் இருந்த வேகம் இல்லை. ஆனால் இந்த ஊர் பெட்ரோலுக்கு இதற்குமேல் யாராலும் கொண்டுவர முடியாது. வீட்டு வாசலில் இறங்கும்போது டீச்சர் காதுக்குழாயை ஒழுங்காகச் சுருட்டி சீட்டின்மேல் வைத்தார். "நல்லபடியா முடிஞ்சிட்டு," என்று சிரித்துவிட்டு உள்ளே போனார்.

அடுத்த சனிக்கிழமை அப்பாத்துரை ஐந்து மணிக்கே எழுந்து குளித்து, சட்டை போட்டுக்கொண்டு, பிறகு எங்கே போவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். தனியாக ஆழ்வார்குறிச்சி வரை ஓட்டிப் போனார். ஆற்றுப் பாலத்தில் இறங்கி நின்றார். ஆட்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். காரைச் சுற்றி நாலு பேர் கூடி, என்ன மைலேஜ் தரும் என்று கேட்டார்கள். சொன்னார். திரும்பி வந்தார். அன்று முழுக்க அவர் வேறு வார்த்தை எதுவும் பேசவில்லை.

புதன்கிழமை மத்தியானம், வீட்டுக் கொட்டகையில், சென்சாரின் போல்ட்டுகளைத் தளர்த்தினார். முன்பக்கமாக இரண்டு டிகிரி திருப்பி முடுக்கினார். ஏதோ செய்ய வேண்டிய வேலையைச் செய்வதுபோலத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை டீச்சரிடம் சொன்னார்: "மறுபடியும் அடிக்குன்னு தோணுது டீச்சர். பெட்ரோல் மாறிருக்குமோ என்னமோ."

"வாறேன்," என்றார் டீச்சர்.

சனிக்கிழமை கங்கைகொண்டான் தாண்டி முதல் ஓட்டத்திலேயே விரல் தட்டத் தொடங்கியது. இரண்டாயிரத்து எண்ணூறிலிருந்து விடாமல் தட்டியது. டீச்சர் காதுக்குழாயைக் கழற்றினார்.

"நிறுத்துங்க."

ஓரமாக நிறுத்தினார். ஒரு லாரி கடந்து போனதில் கார் ஆடியது.

"இது பெட்ரோல் இல்ல அண்ணாச்சி. முதல் நாள் கேட்ட அதே சத்தம். கொஞ்சங்கூட மாறாம அதே மாதிரி." அவர் குரல் உயரவில்லை. "நீங்களா திருப்பி வச்சியளா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தார். "ஆமா."

"எதுக்கு?"

"நீங்க வரணும்னு."

டீச்சர் எதிரே கரிசல் காட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"காப்பி குடிக்கலாம், சும்மா ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்னு கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன் அண்ணாச்சி. நெசமா வந்திருப்பேன். நானும் சனிக்கிழம வருதான்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். என் காத நம்பித்தான கூப்பிடுதியன்னு நெனச்சேன். அத வச்சே என்ன ஏமாத்திட்டியளே."

அப்பாத்துரை சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார்.

"எத்தன டிகிரி?"

"ரெண்டு."

"இப்பவே மாத்துங்க. வண்டி கெட்டுப்போவும்."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சூடான இன்ஜினில் கையைச் சுட்டுக்கொண்டு திருப்பினார். டீச்சர் மறுபடியும் காதுக்குழாயை மாட்டிக்கொண்டு, ஒரு முழு ஓட்டம் கண்ணை மூடிக் கேட்டார். விரல் அசையவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். திரும்பும் வழியில் பிளாஸ்க் திறக்கப்படாமலே டீச்சர் மடியில் இருந்தது.

அதற்குப் பிறகு கோயிலில் பார்த்தால் டீச்சர் "நல்லாருக்கியளா அண்ணாச்சி?" என்பார். மற்ற எல்லாரிடமும் கேட்பதுபோலவே கேட்பார். அவரும் நல்லாருக்கேன் என்பார்.

அக்டோபரில் மழை பிடித்தது. ஒரு மாலையில் அப்பாத்துரை காரை எடுக்காமல், குடையோடு நடந்தே டீச்சர் வீட்டுக்குப் போனார். என்ன சொல்வதென்று இரண்டு வாரமாக யோசித்து வைத்திருந்தார். உள்ளே பாட்டு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. டீச்சர் கேட் வரை வந்தார்.

"நான் செஞ்சது தப்பு டீச்சர். எனக்குப் பேச ஆளில்ல. கூப்பிட வெக்கமா இருந்தது. அதுக்கு இப்படிச் செஞ்சுட்டேன். இப்ப நேராவே கேக்கேன். வண்டி வேல ஒண்ணுமில்ல. இந்தச் சனிக்கிழம பாபநாசம் வரைக்கும் போய்ட்டு வரலாம், வாறியளா?"

டீச்சர் ஏதோ சொன்னார். பின்னால் பிள்ளைகள் உச்சத்தில் பாடிக்கொண்டிருந்தார்கள், குடையில் மழை விழுந்துகொண்டிருந்தது. உதடு அசைந்தது தெரிந்தது. அவ்வளவுதான்.

சில வருஷமாக இப்படியான நேரங்களில் சிரித்துத் தலையாட்டிவிட்டுப் போவதுதான் அவர் வழக்கம். இன்று நின்றார்.

"கேக்கல டீச்சர். இன்னொரு தடவ சொல்லுங்க."

டீச்சர் கேட்டைப் பிடித்துக்கொண்டு கிட்டே வந்தார். சத்தமாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"முடியாது அண்ணாச்சின்னு சொன்னேன். மனசு வரல. கோவம் இல்ல. ஆனா வரல."

"சரி டீச்சர்."

"மழைல நிக்காதிய. பாத்துப் போங்க."

இந்த முறை தெளிவாகவே கேட்டது. அப்பாத்துரை குடையைச் சரித்துப் பிடித்துக்கொண்டு, தேங்கிய தண்ணீருக்கு ஒதுங்கி ஒதுங்கி வீட்டுக்கு நடந்தார்.

சனிக்கிழமை மழை விட்டிருந்தது. கொட்டகைக்குப் போய் தீப்பொறி நேரத்தை இன்னும் மூன்று டிகிரி பின்னால் தள்ளினார். கேட்டுச் சொல்ல ஆளில்லாத வண்டிக்கு அதுதான் பத்திரம். இனி அது அடிக்காது. பழைய பாய்ச்சலும் இருக்காது. போல்ட்டுகளை முடுக்கிவிட்டு, இடப்பக்க சீட்டில் கிடந்த காதுக்குழாயை எடுத்துப் பின்சீட்டில் வைத்தார். தனியாகப் பாபநாசத்துக்குப் புறப்பட்டார். முக்கூடல் தாண்டியதும் ரோட்டில் யாரும் இல்லை. மூன்றாவது கியரில் முள் மூவாயிரத்துக்கு வந்தது. வாய்விட்டு, "ஜி," என்றார்.